நாலரை மணிக்கு எழுந்தால் படபடப்பு குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 38. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவரும் வேலைக்குப் போகிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். காலையில் கண் விழித்ததுமே நெஞ்சு படபடக்கிறது. மாலையானால் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியது போல வலி. வாரத்தில் மூன்று நாளாவது வலி மாத்திரை போடுகிறேன். இரவு பதினொன்றரைக்குப் படுத்தாலும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. செய்யாமல் விட்ட வேலைகள் வரிசையாக ஞாபகம் வருகின்றன. ரத்தப் பரிசோதனை, தைராய்டு, இ.சி.ஜி., ரத்த அழுத்தம் எல்லாமே சரியாக இருக்கின்றன. 'டென்ஷனைக் குறையுங்கள்' என்கிறார் டாக்டர். நேரமே இல்லாதபோது எப்படிக் குறைப்பது? கணவர் நல்லவர், சொன்னால் செய்வார். ஆனால், ஒவ்வொன்றையும் சொல்லவே நேரம் இல்லை. தினமும் நாலரைக்கு எழுந்தால் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். நடுவில் விழிப்பு வேறு. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறைந்தால் கவனம் சிதறும், கணக்கில் தப்பு வரும், போட்ட கணக்கையே திரும்பப் போட வேண்டியிருக்கும். சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். விடியற்காலையில் சம்பாதித்த நேரம் சாயங்காலத்துக்குள் கரைந்துபோகும்.

காலைப் படபடப்பைப் பற்றி. கண் விழித்த முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் கார்டிசோல் என்ற ஹார்மோன் உயர்வது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான். உடல் அன்றைய நாளுக்குத் தயாராகிறது. அந்த நேரத்திலேயே படுக்கையில் இருந்தபடி போனை எடுத்து அலுவலகச் செய்தியைப் பார்த்தால், அட்ரினலினும் சேர்ந்துகொள்ளும். இதயம் வேகமாக அடிக்கும். எழுந்த முதல் அரை மணி நேரம் போனைத் தொடாதீர்கள்.

மாலைத் தலைவலிக்கு ஒரு சின்னச் சோதனை. நாளைக்கு அலுவலகத்தில் நாலு மணி வாக்கில், இருந்த இடத்தில் அப்படியே கவனியுங்கள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கின்றனவா? தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருக்கின்றனவா? சாப்பிடாத, பேசாத நேரத்தில் பற்கள் தொடவே கூடாது. உதடு மூடியிருக்க, உள்ளே சிறிது இடைவெளி இருக்க வேண்டும். நாள் முழுக்கத் தாடையையும் கழுத்தையும் இறுக்கி வைத்திருப்பவர்களுக்கு, நீங்கள் எழுதியிருக்கும் மாதிரித் தலைவலி சர்வசாதாரணம். கவனித்த உடனே தாடையைத் தளர்த்தி, தோளை இறக்கி, மூச்சை மெதுவாக நீட்டி வெளியே விடுங்கள். மணிக்கு ஒருமுறை செய்தால் போதும்.

சரி, நேரத்துக்கு வருவோம். இன்னும் வேகமாக ஓடும் வழியை நான் சொல்லப்போவதில்லை. ஏற்கெனவே போதுமான வேகத்தில்தான் ஓடுகிறீர்கள். வேலை எவ்வளவு என்பதோடு, அது நம் பிடியில் இருக்கிறதா என்பதும் மன அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. 1979-ல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் வேலைச் சூழலை வைத்து இதை விளக்கினார்: பளு அதிகம், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவு என்ற நிலையில் இருப்பவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். உங்கள் நாளில் கொஞ்சம் பிடியை மீட்டெடுப்பதுதான் சிகிச்சை.

நம் பிடி நழுவும் முதல் இடம், மனக்கணக்கு. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை நாம் எல்லோருமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டைச் சராசரியாக 34 நாளில் முடித்துவிடலாம் என்றார்கள். ஆனது 55 நாள். இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். தினமும் மூன்று வேலைகளுக்கு மட்டும் தொடங்கும் முன் 'இவ்வளவு நிமிடம்' என்று எழுதி, முடித்த பின் ஆன நேரத்தைப் பக்கத்திலேயே எழுதுங்கள். பிள்ளைகளைக் கிளப்புவதற்கு நீங்கள் போட்ட கணக்கு முப்பது நிமிடமாக இருக்கலாம்; ஆவது ஐம்பதாக இருக்கலாம். அந்த இருபது நிமிடம்தான் தினமும் காலையில் உங்களைத் துரத்துகிறது. உண்மையான நேரம் தெரிந்துவிட்டால், அதற்குத் தகுந்தபடி நாளைப் போடலாம். இரண்டு வேலைகளுக்கு நடுவே கொஞ்சம் காலி இடமும் விடுங்கள். அந்த இடைவெளியைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். எதிர்பாராத போன் வரத்தான் செய்யும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும்.

அப்படிப் போட்டால் எல்லா வேலையும் ஒரு நாளுக்குள் அடங்காது என்று தெரியவரும். அப்போதுதான் எதை விடுவது என்ற கேள்வி வரும். கணவர் 'சொன்னால் செய்வார்' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் மிகவும் உறுத்தியது. ஞாபகம் வைப்பது, சொல்வது, ஆயிற்றா என்று பார்ப்பது, இவையும் வேலைதானே! அவற்றை நீங்களே சுமந்தால் அவர் செய்யும் உதவியால் உங்கள் பாரம் பாதிதான் குறையும். ஒரு பொறுப்பை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். பள்ளி சம்பந்தப்பட்ட எல்லாமும் அவருடையது என்றால், பள்ளியிலிருந்து வரும் செய்தி, கட்டணம், கூட்டம், தேதி எல்லாமே அவருடையதுதான். அவர் உங்கள் மாதிரியே செய்யமாட்டார். பரவாயில்லை, விட்டுவிடுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பதிலைப் படித்தால் இன்னும் நல்லது.

அப்புறம், இரவு மூன்று மணி. முடியாத வேலை மனத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒரு நோட்டில் நாளைய வேலைகளை எழுதுங்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள். 'வங்கி' என்று ஒற்றைச் சொல் போதாது. 'வியாழன் மதியம், வங்கி, முகவரி மாற்றம்' என்று இருக்கட்டும். மூன்று மணிக்கு விழித்து ஏதாவது புதிதாக ஞாபகம் வந்தாலும் மங்கிய வெளிச்சத்தில் அதே நோட்டில் குறித்துவிட்டுப் படுங்கள். போனில் குறிக்க வேண்டாம். காபி குடிப்பவர் என்றால் மதியம் இரண்டுக்கு மேல் நிறுத்துங்கள். குடித்த காஃபினில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

மின்னஞ்சலை ஒரு நாளில் மூன்று வேளை மட்டும் பாருங்கள். அலுவலகம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக அந்த மாத்திரை. வாரத்துக்கு மூன்று என்றால் மாதத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல். சாதாரண வலி மாத்திரையானாலும் மாதத்தில் பதினைந்து நாள், அதற்கு மேல் என்று சில மாதங்கள் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் சேர்ந்த சில கூட்டு மாத்திரைகளுக்குப் பத்து நாளே போதும். நீங்கள் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். எந்த மாத்திரை, எந்த நாள் என்று அதே நோட்டில் குறித்து, ஒரு மாதம் கழித்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்குள் இரண்டு வாரமாக எதிலும் மனம் ஒட்டாமல் சோர்வாக இருந்தாலோ, காரணமின்றி அழுகை வந்தாலோ, மாதம் முடியும்வரை காத்திருக்காமல் போய்ப் பாருங்கள். திடீரென்று இதுவரை வராத கடுமையான தலைவலி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், நெஞ்சில் அழுத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் அன்றே, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.