காசும் கேஷும்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம் ‘காசு’ என்ற சொல்லிலிருந்து போனதுதான் என்று வகுப்பில் சொன்னேன். எங்கள் ஆங்கில ஆசிரியர் மறுக்கிறார். பிள்ளைகளிடம் எதைச் சொல்வது?

– தமிழாசிரியை ஒருவர்

அன்புள்ள அம்மா,

ஆங்கில ஆசிரியர் சொல்வதே சரி. ஆனால் அவர் சொன்னதோடு கதை முடியவில்லை.

கடையில் ‘கேஷா, கார்டா?’ என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் நம்முடையது அல்ல. அதன் மூலம் லத்தீன் ‘காப்சா’, பொருள், பெட்டி. இத்தாலியில் அது ‘காஸ்ஸா’ ஆகிப் பணப்பெட்டியைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபின், பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கே நிலைத்துவிட்டது. மருந்துக்கடையில் வாங்கும் கேப்ஸ்யூலும் அதே வேரில் வந்த ‘சிறு பெட்டி’தான். இந்தப் பொருள்மாற்றம் நமக்குப் புதிதல்ல. ‘இன்றைக்குக் கல்லா எவ்வளவு?’ என்று முதலாளி கேட்டால் அவர் பெட்டியையா கேட்கிறார்? கிழி என்றால் துணி. பொற்கிழி பெற்ற புலவர் துணிக்காகவா பாடினார்?

ஒலி ஒத்துப்போனாலே உறவு என்று சொல்லிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஒரு பொய்ச்சான்று பிடிபட்டால் நம் மெய்ச்சான்றையும் எவரும் நம்பமாட்டார்கள். இங்கே மெய்ச்சான்று கையிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்தில் இன்னொரு ‘கேஷ்’ உண்டு. எழுத்து ஒன்று, சொல் வேறு. நம் காசு என்ற சொல்லைப் போர்ச்சுக்கீசியர் ‘கைஷா’ என்று ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் ‘கைஷா’ என்றால் ஏற்கெனவே பெட்டி. அதுவும் காப்சாவின் வழிவந்ததே! புதிதாகக் கேட்ட சொல்லைப் பழகிய சொல்லின் அச்சில் வார்த்துவிட்டார்கள். அவர்கள் வழியாக அது ஆங்கிலத்தில் சிறு நாணயத்தின் பெயரானது. நடுவில் சதுர ஓட்டையுள்ள சீனச் செப்புக்காசை ஆங்கிலேயர் இன்றும் இந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். சீனர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது.

சென்னையில் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், வைத்திருந்த நாணயக் கணக்கிலும் இந்தக் காசுதான்: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அவர்கள் இங்கிலாந்திலேயே அச்சடித்த 1808ஆம் ஆண்டுச் செப்புக்காசு ஒன்று என் மேசையில் இருக்கிறது. ஒரு பக்கம் கும்பினிச் சின்னம். மறுபக்கம் பாரசீக வரிகள். அவற்றின் அடியில் ரோமன் எண்ணில் இருபது, அருகில் ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’. சென்னைக்கு இத்தகைய காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. ஏறக்குறைய 175 ஆண்டுகள் கழித்து முக்குளிப்பவர்கள் அந்தக் காசுகளை அள்ளி எடுத்தார்கள்.

அந்தக் காசு பழைய நாணயம் விற்பவர்களிடம் கிடைக்கும். ஒன்று வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். அதிலுள்ள ‘கேஷ்’ நம்முடையது. அதைத் தயங்காமல் சொல்லலாம்; ஆங்கில ஆசிரியரையும் வகுப்புக்கு அழையுங்கள்.