கேளுங்கள், டீச்சர் சொல்வார்

சிறுவர் நூல்கள் எழுதிவரும் ஆரையம்பதி டீச்சர் இந்த மாதம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார். பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும் கடிதங்கள் எல்லாம் ‘டீச்சர்’ என்றே தொடங்குகின்றன.

டீச்சர், முன்பள்ளிப் பாட்டு, நாடகம், கண்டல் மரங்களைப் பற்றிய நூல், யானைக் கதை, பயிற்சிப் புத்தகம் என்று எல்லாப் பக்கமும் கால் வைத்திருக்கிறீர்கள். ஒரே துறையில் நின்றிருந்தால் இன்னும் பெரிய பெயர் கிடைத்திருக்குமே?
*வாசகர், களுவாஞ்சிகுடி*

கிடைத்திருக்கலாம் தம்பி. ஆனால் நான் திட்டம் போட்டு ஒரு புத்தகமும் எழுதவில்லை. யாராவது வந்து கேட்பார்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் நச்சரிப்பார்கள்.

பாட்டுகள் முன்பள்ளி ஆசிரியைகள் கேட்டு எழுதியவை. “கருத்துச் சொல்லும் பாட்டு வேண்டாம் டீச்சர், பிள்ளைகளை ஓடி ஆடிக் களைக்க வைக்கும் பாட்டுத்தான் வேண்டும்” என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். நியாயமான பேச்சு. காலை எட்டரைக்கு நான்கு வயதுப் பிள்ளைகளை இருத்தி வைத்துப் பார்த்தவளுக்குத்தான் அது தெரியும். கையைத் தட்டி, குந்தி, எழும்பி, சுற்றி வரக்கூடிய எட்டு வரிகளாகவே எல்லாவற்றையும் எழுதினேன்.

நாடகத்துக்குக் காரணம் தமிழ்த் தினப் போட்டி. வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள், கையில் கிடைத்த நாடகத்திலோ ஐந்தே பாத்திரம். மற்றவர்கள் திரைக்குப் பின்னால் வாங்கு தூக்குவதா? மரம், மழை, கிணற்றுக் கப்பி, தயிர்ச்சட்டி என்று எல்லாவற்றுக்கும் வசனம் எழுதினேன். அந்தத் துணிச்சலைத் தந்தது பேராசிரியர் மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’. ராசா வேசம் கட்டி நீதி வசனம் பேசுவதுதான் சிறுவர் நாடகம் என்று நினைத்திருந்த எனக்கு, பாட்டும் ஆட்டமுமாக ஒரு கூட்டமே மேடையில் விளையாடலாம் என்று காட்டியது அது. யோசித்துப் பார்த்தால் நமக்கு அது புதிதும் இல்லை. வட்டக்களரியைச் சுற்றி விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊர்கள்தானே நம்முடையவை!

கண்டல் நூல் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வந்தது. அலையைத் தணிக்கும் மரம் என்று எல்லோரும் கண்டலைப் பற்றிப் பேசினார்கள், வாவிக்கரையில் பிள்ளைகளைக் கொண்டே நடவும் செய்தார்கள். நட்டு முடிந்ததும் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்டது வேறு: “இந்த விதை ஏன் டீச்சர் இவ்வளவு நீளம்?” கண்டல் விதை மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டுவிடும். நீண்டு வளர்ந்து விழும்போது சிலது சேற்றில் குத்தி அங்கேயே நின்றுவிடும், மற்றது தண்ணீரில் மிதந்து போய் வேறு கரையில் வேர் பிடிக்கும். பக்கத்தில் நிற்கும் கண்ணா மரமோ, சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாக வேரை நீட்டிக் காற்றை எடுக்கும். இதற்கு மேல் நான் என்னத்தைக் கற்பனை செய்ய? ஒரு வாவி மீனவரோடு தோணியில் போய், அவர் சொன்ன பெயர்களையும் எழுதிக்கொண்டு வந்தேன். என் புத்தகங்களில் நான் அதிகம் திருத்தி எழுதியது அதுதான். கதையில் ஒரு நரி பேசலாம், யாரும் கேட்கமாட்டார்கள். தகவல் நூலில் ஒரு வேர் தவறான இடத்தில் முளைத்தால் வாழைச்சேனைப் பிள்ளை ஒன்று கடிதம் போடும்.

பயிற்சிப் புத்தகமா? வீட்டுக் கூரை மாற்றக் காசு தேவைப்பட்டது. எழுதினேன். எல்லாவற்றிலும் கூட விற்றது அதுதான், வேறென்ன.

மகன் அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுதவேண்டும். கதைப் புத்தகம் எடுத்தால் “நேரம் வீண்” என்று அவருடைய வாப்பா பறித்து வைத்துவிடுகிறார். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் டீச்சர்.
*ஒரு தாய், அக்கரைப்பற்று*

தங்கச்சி, அந்த வினாத்தாளிலேயே ஒரு பந்தியை வாசித்து விளங்கி விடை எழுதும் பகுதி இருக்கிறது என்று வாப்பாவுக்குச் சொல்லுங்கள். பந்தி விளங்காத பிள்ளைக்குக் கணக்கின் கேள்வியும் விளங்காது. டியூஷனில் அதைச் சொல்லித்தர நேரமில்லை, அங்கே பழைய வினாத்தாள்தான் ஓடுகிறது. பறித்து வைத்த புத்தகத்தை வாப்பாவே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தமாக வாசித்துக் காட்டட்டும். பாதியில் நிறுத்தி, “மிச்சம் நாளைக்கு” என்று சொல்லச் சொல்லுங்கள். அடுத்த நாள் மகன் தானே தேடி எடுப்பான். வாப்பாவும் எடுப்பார், பாருங்கள்.

உங்கள் கதையில் குட்டி யானை கடைசியில் செத்துப்போகிறது. தங்கச்சி அழுதுகொண்டே இருந்தாள். முடிவை மாற்றி எழுத முடியாதா?
*தரம் 7 மாணவி, வாகரை*

மாற்றமாட்டேன் மகள். காரணம் சொல்கிறேன், தங்கச்சிக்கும் சொல். பன்றிக்கு என்று பூசணிக்காய்க்குள்ளும் பழத்துக்குள்ளும் வெடி மறைத்து வைக்கிறார்கள், ‘ஹக்க பட்டாஸ்’ என்பார்கள். அதைக் குட்டி யானை கடித்தால் வாய் சிதறிவிடும். சாப்பிட முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். நம் நாட்டில் யானைகள் இப்படியும் சாகின்றன. உங்கள் ஊரிலேயே யானையைத் தெரியாத பிள்ளை இல்லை. உங்களிடம் வந்து, குட்டி எழும்பி ஓடியது என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காயத்தை நான் எழுதவில்லை, கவனித்தாயா? மற்ற யானைகள் அதைச் சுற்றி நின்றதைத்தான் எழுதினேன்.

இன்னொன்று. அந்தக் கதையில் சோளம் முழுவதையும் யானைக்குப் பறிகொடுத்த கமக்காரரின் மகனும் வருகிறான். அவனை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். இரவு முழுக்கப் பரணில் கண்விழித்திருக்கும் அப்பாவின் பிள்ளையும் என்னுடைய வாசகன்தான்.

சிறுவர் கதை ஒன்று கைவசம் இருக்கிறது. சொந்தச் செலவில் அச்சிட விரும்புகிறேன். யோசனை சொல்லுங்கள்.
*இளம் ஆசிரியர், தம்பிலுவில்*

முதலில் கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். சொந்தப் பிள்ளைக்கு வேண்டாம், அது பாசத்தில் கேட்கும். அயல் வீட்டுப் பிள்ளைகள் எந்த இடத்தில் நெளிகிறார்களோ அங்கே பேனையை வையுங்கள்.

பிறகு அச்சு. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக வரவேண்டும். 24 பக்கம் நல்ல அளவு. 21 பக்கக் கதையோடு போனால் மூன்று வெற்றுப் பக்கத்துக்கும் நீங்கள்தான் காசு கட்டுவீர்கள். பலவர்ண ஓப்செட் அச்சுக்கு, நிறத்துக்கு ஒன்றாக நான்கு அச்சுத் தட்டு போடவேண்டும். நூறு பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் தட்டுச் செலவு ஒன்றுதான், அதனால்தான் பிரதி கூடக் கூட ஒன்றின் விலை இறங்குகிறது. அந்தக் கணக்கில் மயங்கி ஆயிரம் அடித்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்தவர்களை எனக்குத் தெரியும். குறைந்த பிரதி என்றால் டிஜிட்டல் அச்சு போதும். தாள் விலையையும் கேட்டுவிட்டுப் போங்கள். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த நாடு இது.

புத்தகத்தை உலகெங்கும் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். இலக்கத்துக்கு தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். விற்பனைக்கு வெளியீட்டு விழாவை மட்டும் நம்பாதீர்கள். அங்கே காசு போட்ட உறை கொடுப்பார்கள், புத்தகத்தைக் கதிரையில் விட்டுவிட்டுப் போவார்கள். பாடசாலைப் பரிசளிப்பு விழாக் காலத்தில் அதிபர்களைப் போய்ப் பாருங்கள். பரிசாகப் போகும் புத்தகம் பிள்ளையின் வீட்டுக்கே போய்ச் சேரும்.

உங்களுக்குப் பிடித்த சிறுவர் எழுத்தாளர்கள் யார்?
*வாசகி, ஏறாவூர்*

நவாலியூர் சோமசுந்தரப் புலவர், அழ. வள்ளியப்பா. இருவரையும் மனப்பாடமாகவே தெரியும். மட்டக்களப்பில் என்றால் மறைந்த மாஸ்டர் சிவலிங்கம். அவர் கதை சொல்வதையும் வில்லுப்பாட்டையும் மேடையில் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நரி வந்தால் அவர் முகம் நரியாகிவிடும். கதையை அச்சிலே வாசிப்பதற்கு முன்னால் காதால் கேட்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

இப்போது கணினியே படம் வரைந்து தருகிறதே, ஓவியர் எதற்கு?
*வாசகர், கல்முனை*

நானும் ஒருவரைக் கொண்டு கணினியில் வரைவித்துப் பார்த்தேன். வாவி நண்டு கேட்டேன், ஆறு காலோடு வந்தது. நண்டுக்குக் கவ்வும் கால் இரண்டையும் சேர்த்துப் பத்து. தோணி கேட்டேன், எந்த ஊர் ஆற்றிலோ ஓடும் படகு வந்தது. எங்கள் ஓவியத் தம்பி காசு தாமதமானால் கோபித்துக்கொள்வார், சொன்ன தேதிக்கு ஒருநாளும் தரமாட்டார். ஆனால் நண்டு பிடித்து வளர்ந்த பிள்ளை. கால் சரியாக இருக்கும்.

அடுத்த புத்தகம் என்ன டீச்சர்?
*பலர்*

தாலாட்டுகள். படுவான்கரையிலும் பொத்துவில் பக்கத்திலும் உம்மாமாரும் அம்மம்மாமாரும் பாடியவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் இந்த இதழின் முகவரிக்கு எழுதுங்கள். பாடியவரின் ஊரையும் சேர்த்து எழுதவும். வரிகளைத் திருத்தி அழகுபடுத்தவேண்டாம், பாடுகிறபடியே வேண்டும். எழுத முடியாத மூத்தவர்கள் பேரப்பிள்ளையின் போனில் பாடி அனுப்பினாலும் சரி.