மாடிக் குளியலறைக் கசிவு: உடைப்பதற்கு முன்பு சோதனை

கேள்வி: தாம்பரத்தில் உள்ள எங்கள் வீடு கட்டி 22 ஆண்டுகள் ஆகின்றன. மாடிக் குளியலறைக்கு நேர் கீழே ஹாலின் கூரையில் ஈரம் படர்ந்து பூச்சு உதிரத் தொடங்கியதால், வழக்கமாகச் சாமான் வாங்கும் ஹார்டுவேர் கடைக்காரர் சொன்ன ஒரு பிளம்பரை அழைத்தோம். அவர் பார்த்தவுடனேயே, பழைய ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) துருப்பிடித்துவிட்டது, அதை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லி, சாமானும் கூலியும் சேர்த்து 28,000 ரூபாய் பேசினார். 20,000 முன்பணமாக வாங்கிக்கொண்டார். சுவர் டைல்ஸை உடைத்து சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய் போட்டார். தரையிலும், நீர் வடியும் வாயான நஹானி டிராப்பை ஒட்டி இரண்டு டைல்ஸை எடுத்து, தானே அழைத்துவந்த கொத்தனாரை வைத்து மூடினார். பில் எதுவும் தரவில்லை. பூச்சு காய வேண்டும் என்று மூன்று வாரம் அந்தக் குளியலறையைப் பூட்டி வைத்திருந்தோம், ஈரம் நின்றுவிட்டது. மீதிப் பணத்தையும் ஜிபேயில் அனுப்பிவிட்டோம். குளிக்கத் தொடங்கிய சில நாட்களில் மறுபடியும் கசிவு. இப்போது ஃபேன் கொக்கி வரை வந்துவிட்டது. கேட்டால், குளியலறை முழுவதையும் உடைக்க வேண்டும், 85,000 ரூபாய் ஆகும் என்கிறார். அதற்குப் பிறகு அழைத்தால் ஒழுங்காகப் பேசுவதில்லை. நாங்கள் ஏமாந்துவிட்டோமா? உடைத்துத்தான் ஆக வேண்டுமா? பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்க நினைத்திருந்தோம்.
வாசகி, தாம்பரம்

பதில்: சகோதரிக்கு வணக்கம். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ஈரம் ஃபேன் கொக்கி வரை வந்துவிட்ட நிலையில், அந்த ஃபேனுக்கும் அதை ஒட்டிய விளக்குகளுக்கும் மின்சாரம் போகும் எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் உள்ள டிரிப் சுவிட்சை) இன்றே இறக்கிவிடுங்கள். ஓர் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சொல்லும்வரை ஏற்ற வேண்டாம். பூச்சு உப்பித் தொங்கினாலோ, கம்பி வெளியே தெரிந்தாலோ, அதன் கீழே யாரும் படுக்கவும் உட்காரவும் வேண்டாம். அப்படி இருந்தால் பிளம்பருக்கு முன்பு ஒரு சிவில் இன்ஜினியர் வந்து தளத்தைப் பார்ப்பதே முறை. ஏனென்றால், துருவேறும் கம்பி பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பிளம்பர் உங்களை ஏமாற்ற நினைத்தார் என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. 22 ஆண்டுகளான ஜி.ஐ. குழாய் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். ஆகவே நீங்கள் கொடுத்த பணம் முழுவதும் வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால், கூரைக்கு வருவது எந்த நீர் என்று சோதிக்காமலே, பார்த்த மாத்திரத்தில் காரணம் சொல்லி உளியை எடுத்தது அவருடைய தவறு. இப்போது அதே முறையில், அதாவது மறுபடியும் சோதனை இல்லாமல், 85,000 ரூபாய் கேட்கிறார். நீங்கள் மறுக்க வேண்டியது இந்த இரண்டாவது அவசரத்தைத்தான்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு முக்கியமான தடயம் இருக்கிறது. குளியலறையைப் பூட்டி வைத்திருந்த மூன்று வாரமும் ஈரம் நின்றது. குளிக்கத் தொடங்கியதும் வந்தது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில், யாரும் குளிக்காவிட்டாலும் இரவும் பகலும் நீர் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 0.3 பார் அழுத்தம். அதிகமில்லை என்றாலும், ஓட்டை இருந்தால் நீர் சொட்டிக்கொண்டே இருப்பதற்கு அது போதும். எனவே அந்த மூன்று வாரத்தில் குளியலறைக்கு வரும் வால்வு திறந்தே இருந்தது என்றால், புதிதாகப் போட்ட குழாய்களின் பெரும்பகுதி சந்தேகத்திலிருந்து நீங்கிவிடுகிறது. வால்வை மூடியிருந்தீர்கள் என்றால் இந்த முடிவு செல்லாது. வீட்டில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பெரும்பகுதி என்று நான் சொல்வதற்குக் காரணம், மிக்ஸரிலிருந்தோ (வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் குழாய்) டைவர்ட்டரிலிருந்தோ (நீரை ஷவருக்குத் திருப்பும் திருகு) ஷவருக்கு ஏறும் துண்டுக் குழாய். ஷவரைத் திறக்கும்போது மட்டுமே அதில் நீர் வரும் என்பதால், அதன் இணைப்பில் உள்ள கசிவு குளிக்கும்போது மட்டுமே வெளிப்படும்.

ஆக, சந்தேகத்துக்குரியவை நான்கு: ஷவர் குழாய், கழிவுநீர்க் குழாய், நஹானி டிராப்பும் தரையும் சேரும் விளிம்பு, தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு. இவற்றில் நான் முதலில் சந்தேகப்படுவது டிராப்பின் விளிம்பைத்தான். டைல்ஸை எடுக்கும்போது அதன் கீழே உள்ள பழைய நீர்த்தடுப்புப் பூச்சும் வெட்டுப்பட்டிருக்கும்; கொத்தனார் அதன்மேல் வெறும் சிமெண்ட் கலவையை வைத்து மூடியிருந்தால், தரையில் விழும் நீர் முழுவதும் வந்து கூடுகிற அதே இடத்தில் ஒரு வழி திறந்துவிடப்பட்டதாகிவிடும். இது நம் ஊர் வேலைகளில் அடிக்கடி நிகழ்வது. குழாய் வேலை பிளம்பருடையது, மூடும் வேலை கொத்தனாருடையது. இடையில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சு யாருடைய பொறுப்பு என்று யாரும் பேசுவதில்லை.

சோதனையைப் பெரும்பாலும் நீங்களே செய்துவிடலாம். ஆனால் பொறுமை வேண்டும். மாடிக் குளியலறைகளில் பெரும்பாலும் தளத்தை ஓர் அடி அளவுக்குத் தாழ்த்தி, அந்தப் பள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களைப் போட்டு, மேலே செங்கல் ஜல்லி நிரப்பி மூடியிருப்பார்கள். சங்கன் ஸ்லாப் என்று மேஸ்திரிகள் சொல்வது அதைத்தான். உள்ளே இறங்கும் நீர் அந்தப் பள்ளத்தில் தொட்டிபோலத் தேங்கி நின்று, பிறகுதான் கூரையில் தெரியும். மூல கசிவு நின்ற பிறகும் பல நாட்கள் சொட்டும். ஆகையால் முதலில் குளியலறையை மூடி, கூரை ஓரளவு உலரும்வரை காத்திருங்கள். ஈரத்தின் எல்லையைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். கலர்ப்பொடி கரைத்து ஊற்றிப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. செங்கல் ஜல்லி நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், கீழே நிறம் வரவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. கோடும் தேதியும் அதைவிட நம்பகமானவை.

உலர்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். முதல் கட்டமாக, தரை நனையாதபடி ஒரு ஹோஸை டிராப்புக்குள் விட்டு, சில வாளி நீரை மெதுவாக இறக்குங்கள். இரண்டு மூன்று நாள் கூரையைக் கவனியுங்கள். ஈரம் வந்தால் கழிவுநீர்க் குழாயிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. வராவிட்டால், அடுத்ததாக டிராப்பின் வாயைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய துணியால் இறுக அடைத்து, தரையில் ஓர் அங்குல உயரத்துக்கு நீரைத் தேக்கி, 24 மணி நேரம் விடுங்கள். அந்த அளவு நீர் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ எடைதான். நல்ல தளம் தாங்கும், ஆனால் கூரையில் கம்பி தெரிகிற வீட்டில் இதைச் செய்யவே கூடாது. அப்போது ஈரம் கோட்டைத் தாண்டினால் தரையில்தான் குறை. அதிலும் வராவிட்டால், ஷவரை மட்டும், அதன் நீர் நேராக ஒரு பெரிய வாளியில் விழும்படி, சிறிது நேரம் திறந்து பாருங்கள். கழிப்பறைக் கோப்பையும் அதே அறையில் இருந்தால், ஃப்ளஷை மட்டும் தனியாக ஒரு நாள் இயக்கிச் சோதியுங்கள். மழை நாட்களில் இவை எதையும் செய்யாதீர்கள்; வெளிச்சுவர் விரிசல் வழியாக வரும் நீர் கணக்கைக் குழப்பிவிடும்.

விடையைப் பொறுத்துச் செலவு வெகுவாக மாறும். டிராப்பிலோ அதன் இணைப்பிலோ குறை என்றால், அதைச் சுற்றி ஓரிரு அடி மட்டும் திறந்து, டிராப்பை மாற்றி, நீர்த்தடுப்புப் பூச்சைப் பழைய பூச்சின் மேல் ஏறும்படி பூசி மூடினால் போதும். தரையில் குறை என்றால், டைல்ஸ் இடுக்குகளில் உள்ள பழைய கலவையைச் சுரண்டி எடுத்து எபாக்சி (நீர் புகாத பிசின் கலவை) நிரப்பிப் பார்ப்பது, உடைப்பதற்கு முன்பு செய்து பார்க்கத்தக்க குறைந்த செலவு முயற்சி. டைல்ஸின் மேலே தடவும் நிறமற்ற ரசாயனங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாள்தோறும் தேய்த்துக் கழுவும் தரையில் அவை அதிக நாள் நிற்பதில்லை. எபாக்சிக்குப் பிறகும் தரைச் சோதனையில் ஈரம் இறங்கினால், முழுவதும் திறக்க வேண்டும் என்று சொல்பவரை நம்பலாம். அந்த நிலையில் அவர் கேட்ட தொகை நியாயமா என்பதை, இன்னும் இருவரிடம் மதிப்பீடு வாங்கி, ஒவ்வொரு வேலையாக ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

முழு வேலையே செய்ய நேர்ந்தால், பள்ளத்தில் உள்ள ஜல்லியை அள்ளி, தளம் நன்றாக உலர்ந்த பிறகு நீர்த்தடுப்புப் பூச்சை அடித்தளத்திலும் சுவரில் ஓர் அடி உயரத்துக்கும், ஷவர் சுவரில் ஆள் உயரத்துக்கும் பூசி, 48 மணி நேரம் நீர் தேக்கிப் பார்த்த பிறகே குழாய் போட வேண்டும். மேலே ஜல்லி நிரப்பி மட்டம் கட்டிய பிறகு மறுபடியும் பூச்சு, மறுபடியும் நீர்த்தேக்கம். அதற்குப் பிறகுதான் டைல்ஸ். டைல்ஸ் டிராப்பை நோக்கி மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிய வேண்டும். கொத்தனார் இரண்டாவது நீர்த்தேக்கம் தேவையில்லை என்பார், நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்த முறை யாரை வைத்தாலும், கோளாறு எது என்று தெரியும்வரை நாள் கூலிக்கும், தெரிந்த பிறகு மொத்தத் தொகைக்கும் பேசுங்கள். காரணம் தெரியாத வேலைக்கு மொத்தத் தொகை பேசினால், இழப்பு வராதபடி அவர் கூட்டித்தான் சொல்வார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. சாமானை நீங்களே வாங்குங்கள். கடையில் அவருக்குக் கமிஷன் இருக்கிறதா என்ற ஆராய்ச்சி வேண்டாம். பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். சி.பி.வி.சி. குழாயில் ஐ.எஸ். 15778 என்ற எண்ணும், கழிவுநீர்க் குழாயில் ஐ.எஸ். 13592 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் அச்சாகியிருக்கும். சி.பி.வி.சி.க்கு உரிய பசை வேறு, சாதாரண பி.வி.சி. பசை வேறு, கையில் இருந்த டப்பாவையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துபவரை நிறுத்திக் கேளுங்கள்.

சுவரை மூடும் முன்பு கைப்பம்பு வைத்துக் குழாயில் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். குழாய் போகும் பாதையை, டேப்பை வைத்து அளவு தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது பயன்படும். முன்பணம் கால் பங்கைத் தாண்ட வேண்டாம். 28,000-க்கு 20,000 முதலிலேயே கைமாறிவிட்டால், பிறகு அவரை அழைத்துவர உங்களிடம் பிடிமானம் எதுவும் இல்லை. மீதியில் ஒரு பகுதியையாவது, குளியலறையை வழக்கம்போல ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகு தருவதாக முதல் நாளே சொல்லி, எந்தப் பூச்சு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து, ஒரு தாளிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக் கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று நம்மில் பலர் தயங்குகிறோம். ஒழுங்காக வேலை செய்பவர்கள் இதற்குக் கோபப்படுவதை நான் கண்டதில்லை.

பழைய பிளம்பரிடம், சோதனை முடிவுகளும் தேதி போட்ட படங்களும் கையில் வந்த பிறகு பேசுங்கள். ஏமாற்றினீர்கள் என்ற சொல் வேண்டாம். டிராப்பைச் சுற்றி நீங்கள் திறந்து மூடிய இடத்தில் நீர் இறங்குகிறது, அதை உங்கள் செலவில் சரிசெய்து தாருங்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் வராவிட்டால், அறிமுகம் செய்த கடைக்காரரிடம் போங்கள். அந்தப் பிளம்பருக்கு அடுத்தடுத்து வேலை வருவது அந்தக் கடை வாசலிலிருந்துதான் என்பதால், அங்கே சொல்லும் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

சட்ட வழியும் இருக்கிறது. கூலி வாங்கிக்கொண்டு செய்யும் இத்தகைய வேலை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி ஒரு சேவை. குறைபாட்டுக்கு, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். பில் இல்லாதது குறைதான்; ஆயினும் உங்கள் ஜிபே பதிவும் அவருடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகளும் சான்றாகும், அழித்துவிடாதீர்கள். என்றாலும், டிராப்பைச் சுற்றி மட்டும் திறந்தால் போதும் என்று சோதனையில் தெரிந்தால், வழக்கு நடத்துவதைவிட வேறொருவரை வைத்து முடித்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். தரை முழுவதும் அவர் கைபட்டதால் கெட்டது என்று ஒரு இன்ஜினியர் எழுதித் தந்தால், அப்போது ஆணையத்துக்குப் போவதில் பொருள் உண்டு.

வெள்ளையடிப்பை, ஹாலின் கூரையைப் பொறுத்தவரை, பொங்கலுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரத்தின் மேல் பட்டியும் பெயிண்டும் ஏறினால் உப்பி உரிவதோடு, பென்சில் கோடும் மறைந்து, கசிவு நின்றதா என்று தெரியாமல் போய்விடும். மற்ற அறைகளை முடித்துக்கொண்டு, இந்தக் கூரையை மட்டும் கோடை வெயிலில் நன்றாக உலரவிட்டு, சித்திரையில் பூசிக்கொள்ளுங்கள்.