கமரூனுக்குப் புறப்படும் முன்

வணக்கம் ஐயா,

நான் பாலையூற்றைச் சேர்ந்தவன். துறவற சபையொன்றில் அருட்சகோதரராக இருக்கிறேன். ஆபிரிக்காவில் உள்ள கமரூனில் மறைப்பணி செய்ய எங்கள் சபையின் மாகாண முதல்வர் அனுமதி தந்துவிட்டார். அம்மாவிடம் இதுவரை ‘வெளிநாடு’ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அவர் மத்திய வீதியில் ஸ்வெட்டர் வாங்கி வைத்திருக்கிறார். பங்குத்தந்தை தானே வந்து விஷயத்தைச் சொல்வதாகச் சொல்கிறார். இதற்கிடையில் கூடப் படித்த இந்து நண்பன், “நீயும் ஆள் பிடிக்கப் போறியா?” என்று கேட்டான். பதில் சொல்ல வரவில்லை. எப்படி ஆயத்தமாவது?

(பெயர் வேண்டாம்), திருகோணமலை

அன்புள்ள தம்பி,

பாதரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் வாசலுக்கு வந்தால் அம்மா கதிரையைத் துடைத்துப் போடுவார், தேத்தண்ணி வைப்பார், “கடவுள் சித்தம் சுவாமி” என்று தலையாட்டுவார். அவர் போன பிறகு குசினியில் தனியாக இருந்து அழுவார். உங்களோடு சண்டை பிடிக்க அந்த மனுஷிக்கு உரிமை இருக்கிறது. அதைப் பறிக்கக் கூடாது.

நீங்களே, தனியாக, நாட்டின் பெயரோடு சொல்லுங்கள். நம்மூரில் வெளிநாடு என்றால் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனவர்களும் படகேறிப் போனவர்களும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அம்மாவின் தலைக்குள் என்னென்ன ஓடுகிறதோ! இறை அழைத்தலைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடவும் வேண்டாம். கடவுளோடு எந்தத் தாய் வழக்காட முடியும்? எத்தனை வருடத்துக்கு ஒருமுறை விடுமுறை, அம்மா படுக்கையில் விழுந்தால் சபை உங்களை அனுப்புமா, அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள்? இவற்றுக்குப் பதில் தெரிந்துகொண்டு போய்ப் பேசுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கமரூனின் வடக்கு கொளுத்தும். மேற்கு மேட்டுநிலத்தில் இரவில் நன்றாகவே குளிரும். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

நண்பனின் கேள்வி நியாயமானது. கோபிக்காதீர்கள். ஆள் பிடித்த வரலாறும் இந்தக் கரையில் இருக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. கோவாவிலிருந்து 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசப் வாஸ் அடிகளாரை எடுங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலம் அது. ஒற்றன் என்ற சந்தேகத்தில் கண்டியில் அவரைச் சிறை வைத்தார்கள். பிறகு 1697இல் அதே கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைத் தூக்கிப் பராமரித்தவர் அவர்தான். நமது புனித சூசையப்பர் கல்லூரியின் பழைய மாணவர்களிடம் யூஜின் ஹெபர்ட் அடிகளாரைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு. பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். போர் தொடங்கிய பிறகும் கிழக்கை விட்டுப் போகவில்லை. 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில், கூடச் சென்ற இளைஞனோடு காணாமல் போனார். அவரிடம் பந்தடிக்கப் பழகியதற்காக யாரும் மதம் மாற வேண்டியிருக்கவில்லை.

நண்பனுக்கு விபுலாநந்த அடிகளையும் ஞாபகப்படுத்துங்கள். காரைதீவில் பிறந்து, சென்னை இராமகிருஷ்ண மடத்தில் 1924இல் துறவு பூண்டு, திரும்பி வந்து நமது இந்துக் கல்லூரியையும் நடத்தியவர். வீட்டை விட்டுப் போவது உங்கள் ஆட்களுக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. போன இடத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. உங்கள் பதிலையும் சில வருடம் கழித்துத்தான் சொல்ல முடியும். இப்போதைக்கு நண்பனிடம் அதையே சொல்லுங்கள்.

சரி, மற்ற ஆயத்தங்கள். பெரும்பாலான பகுதிகளில் பிரெஞ்சு வேண்டும், இன்றைக்கே தொடங்குங்கள். அங்குள்ள பிள்ளைகள் உங்கள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள். இங்கே வெள்ளைக்காரச் சுவாமிமாரின் தமிழுக்கு நாங்கள் சிரித்தோமே, அதுபோலத்தான். அப்புறம், மலேரியா. 2016இல் நமது நாட்டை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்துவிட்டது. உங்கள் வயதுக்காரருக்கு அந்தக் காய்ச்சல் கதையாகத்தான் தெரியும். கமரூனில் அது அன்றாடம். நுளம்பு வலையும் தடுப்பு மாத்திரையும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லும்.