கடிவாளம் யார் கையில?

கேள்வி: சயின்ஸ் ஃபிக்ஷன்ல முன்னேறின நாகரிகங்க 'பின்தங்கின கிரகத்துல தலையிட மாட்டோம்'னு விதி போட்டுக்கிட்டு ஒதுங்கி நிக்குதே, ஜனங்க சாகறதைப் பாத்துட்டு சும்மா இருக்கறது கல்நெஞ்சம் இல்லையா? வந்து வழிநடத்தினா என்ன?

பதில்: ஒதுங்கியா நிக்கறாங்க? ஸ்டார் ட்ரெக் சீரியல்ல அந்த விதி முதல்ல பேசப்பட்ட 1967 எபிசோட்லயே கேப்டன் கிர்க் அதைத் தள்ளி வச்சிட்டு, ஒரு கிரகத்தையே ஆட்டி வச்சிட்டிருந்த கம்ப்யூட்டரை ஒழிச்சிடறாரு. வளர்ந்துட்டிருக்கற சமூகத்துக்குத்தான் விதியாம், இது தேங்கிப்போனதாம். அதைத் தீர்மானிக்கறது யாரு, நேத்து வந்து இறங்கினவரு! எனக்கு அங்கதான் இடிக்குது.

நீங்க அவசியம் படிக்க வேண்டியது ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களோட 'ஹார்ட் டு பி எ காட்', 1964ல சோவியத் யூனியன்ல வந்த நாவல். அதுல முன்னேறினவங்க நாமதான், பூமிக்காரங்க. ஆர்க்கனார்ங்கற ராஜ்யத்துல ருமாத்தாங்கற பேர்ல பிரபு வேஷத்துல இருக்கான் பூமியில இருந்து போன ஒருத்தன், நெத்தியில கட்டியிருக்கற பட்டையில கேமரா, பாக்கறதெல்லாம் பூமிக்குப் போகுது, ஆனா ஒருத்தரையும் கொல்லக் கூடாது. அங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களையே தேடித் தேடிப் பிடிச்சுக் கொல்றாங்க. புதாக்னு ஒரு வைத்தியரை அதுல இருந்து காப்பாத்திட்டு வந்து, சாப்பாட்டு மேசையில உக்காத்தி வச்சு கேக்கறான், நீங்க கடவுள்கிட்ட என்ன கேப்பீங்கன்னு. எல்லாருக்கும் சோறும் துணியும் கூரையும் குடுன்னு கேப்பேங்கறார் அவர். வலுத்தவன் பிடுங்கிப்பானேன்னு கடவுள் இடத்துல இருந்து பதில் சொல்றான் ருமாத்தா. அப்போ யாரும் பிடுங்கவே தேவையில்லாத அளவுக்கு அள்ளிக் குடுன்னா, உழைக்காம வந்தது ருசிக்காது, காலம் பூரா நான்தான் ஆடு மாடு மாதிரி தீனி போட்டு வளக்கணும்ங்கறான். எதைக் கேட்டாலும் இப்படியே போயி கடைசியில அந்தக் கிழவர் சொல்றார், அப்போ எங்களை அழிச்சிட்டு புதுசா படைச்சிடு, இல்லைன்னா விட்டுடு, எங்க வழியில நாங்க போறோம்னு. ருமாத்தாவால அதுவும் முடியலை, மனசு அவ்வளவு இரக்கத்துல நிறைஞ்சிருக்கு.

நீங்க ஆசைப்படற வழிநடத்தல் ஆர்தர் சி. கிளார்க்கோட 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' நாவல்ல (1953) அப்படியே நடக்குது, வேற கிரகத்துல இருந்து பூமிக்கு வந்தவங்க போரையும் வறுமையையும் ஒழிச்சிடறாங்க, ஆனா கலையும் புதுசா தேடற ஆசையும் வத்திப் போயிடுது.

உயிருக்குப் பயந்து ஓடி வர்றவனுக்குக் கதவைத் திறக்கறது கடமை, அதுல எனக்கு சந்தேகமே இல்லை. ருமாத்தாவும் அதைச் செஞ்சான், எத்தனையோ படிச்சவங்களை எல்லை தாண்டி அனுப்பி வச்சான். ஊரையே ஓட்டறது வேற விஷயம். தன் காதலி கீராவை எதிரிங்க அம்பு விட்டுக் கொன்னதும் அவன் வாளை உருவிக்கிட்டு அரண்மனை வரைக்கும் வெட்டிட்டே போறான். கல்நெஞ்சக்காரனா அப்படிச் செய்வான்? அவ்வளவு படிச்சு, அவ்வளவு கட்டுப்பாட்டோட வந்தவன் கையில ஒரு ஜனத்தோட கடிவாளத்தையே குடுத்துடலாம்னுதான் நீங்க கேக்கறீங்க, நான் குடுக்க மாட்டேன்.