தரையைத் தட்டிப் பார்த்து நடக்கும் மகள்

கேள்வி: 2024 ஆகஸ்ட் 23-இல் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் நிலம் உள்வாங்கி, சுற்றுலா வந்த ஒரு பெண் குழிக்குள் விழுந்தாரே, அதிலிருந்து என் 5 வயது மகள் நடைபாதையில் கால் வைக்க மறுக்கிறாள். வீட்டிலும் தரையைத் தட்டிப் பார்த்துத்தான் நடக்கிறாள். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பது திரும்ப வந்துவிட்டது. மூன்று வாரம் ஆகிறது. தீபாவளித் துணி எடுக்க அங்கேதான் போவோம், எப்படித் தேற்றுவது?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: சகோதரி, அந்த நாட்களில் பெரியவர்களே கீழே பார்த்துப் பார்த்துத்தான் நடந்தோம், நானும்தான். 8 மீட்டர் ஆழக் குழி, 9 நாள் தேடல், அவரைக் கண்டுபிடிக்காமலே நிறுத்தினார்கள், நடுவில் 50 மீட்டர் தள்ளி இன்னொரு குழி வேறு. டிவியில் காலையும் மாலையும் இதுதான் ஓடியது. சின்னப் பிள்ளைக்கு, காட்டியதையே திரும்பக் காட்டுகிறார்கள் என்று தெரியாது, ஒவ்வொரு தடவையும் இன்னொருவர் விழுகிறார் என்றுதான் நினைக்கும். செய்தியை அவள் தூங்கிய பிறகு பாருங்கள், கைப்பேசிக் காட்சிகளையும்.

"ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள், ஆனதை அவள் பார்த்துவிட்டாள். "ஆமாம், ஒரு இடத்தில் மண் உள்ளே போய்விட்டது, அப்படி அடிக்கடி நடக்காது, பொம்பாக்காரர்கள் (தீயணைப்பு வீரர்கள்) வந்து தேடினார்கள், நீ என் கையைப் பிடித்துக்கொள்." இவ்வளவு போதும். பத்துத் தடவை கேட்டாலும் இதையே சொல்லுங்கள். படுக்கை நனைந்தால் துணியை மாற்றிவிட்டுப் பேசாமல் இருங்கள். பொம்மையைக் குழிக்குள் தள்ளி விளையாடினாலும் தடுக்காதீர்கள், பிள்ளைகள் பயத்தை அப்படித்தான் கரைப்பார்கள்.

ஆனால் பேச்சு ஓரளவுக்குத்தான். நான் பினாங்குக்காரி. 2017 நவம்பர் வெள்ளம் வடிந்த பிறகும், தூறல் போட்டாலே என் 6 வயது மகன் பள்ளிச் சப்பாத்தை எடுத்து அலமாரி மேல் வைத்துவிடுவான். நான் சொன்ன சமாதானம் எதுவும் அவனிடம் எடுபடவில்லை. எதிர்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா), சேறு கழுவிக்கொண்டிருந்தவர்களுக்குச் சமைத்துக்கொண்டே, தண்ணீர் போத்தல்களை அவனிடம் கொடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வா என்றார். மூன்று மொழியிலும் நன்றி வாங்கிக்கொண்டு திரும்பியவன், அன்று ராத்திரி மழை பெய்தும் எழுந்திருக்கவில்லை. (சப்பாத்து மேலேயே கிடந்தது, ஒரு வாரம் கழித்து நான்தான் இறக்கினேன்.)

அதனால் மகளுக்கு நாலு பேர் நடுவில் ஒரு வேலை கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கீழே ரொட்டி சானாய் கடைவரை போங்கள், வழியைத் தட்டிப் பார்த்து எல்லாரையும் கூட்டிப்போவது அவள் பொறுப்பு. தட்டட்டுமே. கோயிலில் பிரசாதம் எடுத்துக் கொடுக்கவும் விடுங்கள். பாலர் பள்ளி ஆசிரியையிடம் விஷயத்தைச் சொல்லிவையுங்கள், அங்கே இன்னும் இரண்டு பிள்ளைகள் இப்படி இருக்கலாம்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை என்றால் அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். உங்களுக்கே படபடப்பு இருந்தால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555-க்கு அழைக்கலாம், அதற்குத் தயங்க வேண்டாம்.

அப்புறம் தீபாவளித் துணி. இந்த வருஷம் செந்தூலிலேயே எடுங்கள். மஸ்ஜித் இந்தியா எங்கும் ஓடிவிடாது, அவளாகக் கேட்கும்போது போகலாம்.