வாங்கிய புத்தகம் அலமாரியில் தூங்குகிறதா?

மகனுக்கு எட்டு வயது, ஆங்கில மீடியம். ஒவ்வொரு ஜனவரியும் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கூட்டிப் போய் 2,000 ரூபாய்க்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கித் தருகிறோம். ஒன்றையும் தொடுவதில்லை. எங்கே தவறுகிறோம்?
- வாசகி, திருவள்ளூர்

2,000 ரூபாயை ஒரே நாளில் செலவழிப்பதுதான் முதல் கோளாறு. பொங்கல் விடுமுறைக் கூட்டத்தில் எட்டு வயதுப் பையனுக்குப் பெரியவர்களின் இடுப்பும் துணிப்பையும்தான் தெரியும். காட்சியில் கிடைக்கும் 10 சதவீதத் தள்ளுபடிக்காக வருடம் முழுக்கக் காத்திருப்பதில் மிச்சமும் இல்லை. மாதம் 150 ரூபாய் என்று பிரித்து, பக்கத்தில் உள்ள சின்னக் கடைக்குப் போங்கள். முக்கால் மணி நேரம் போதும். பணம் அவன் கையில் இருக்கட்டும்.

முதல் பத்து நிமிடம் நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது. "இது வேண்டாம்டா, பொது அறிவு எடு" என்றால் அது உங்கள் புத்தகமாகிவிடும். மூன்று நான்கை எடுத்து வந்தபின், ஏதாவது ஒன்றின் நடுப்பக்கத்தைத் திறந்து மெல்ல வாசிக்கச் சொல்லுங்கள். பக்கம் நிறைய எழுத்து இருந்து ஐந்து சொற்களில் தடுக்கினால் அது இப்போதைக்கு நீங்கள் படித்துக் காட்ட வேண்டிய புத்தகம். பக்கத்துக்கு மூன்றே வரி என்றால் இரண்டு தடுக்கலே அதிகம்.

ஏன் தடுக்குகிறான் என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் எழுத்து தெரியாமல் இல்லை. வீட்டில் அவன் "பாத்துக்கிட்டிருந்தான்" என்கிறான். புத்தகத்தில் "பார்த்துக்கொண்டிருந்தான்" என்று ஒரே மூச்சில் நீளமாகக் கிடக்கிறது. வார்த்தையின் வால் வருவதற்குள் தலை மறந்துபோகும். அதனால் வரி குட்டையாக, எழுத்து பெரிதாக, உரையாடல் பேச்சுத் தமிழில் இருப்பதாகப் பாருங்கள். பின்னட்டையில் போட்டிருக்கும் வயதை நம்ப வேண்டாம். தினமும் தமிழ் வாசிக்கும் பிள்ளைக்கான கணக்கு அது. பிரதம் புக்ஸ் வெளியீடுகளில் 1 முதல் 4 வரை வாசிப்பு நிலை குறித்திருப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் 1-லிருந்து தொடங்குவதில் வெட்கமே இல்லை.

தூலிகா போன்ற பதிப்பகங்களின் இருமொழிப் படப் புத்தகங்கள் அழகானவை. ஆனால் ஆங்கில மீடியம் பிள்ளையின் கண் ஆங்கில வரிக்கே ஓடும். அவற்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்; தமிழ் மட்டும் உள்ளதை அவன் வாசிக்கட்டும்.

வாங்கிய அன்று இரவே நான்கு பக்கமாவது புரட்ட வேண்டும். பிறகு அலமாரியில் முதுகு தெரிய அடுக்காதீர்கள். அட்டை தெரியத் தலையணைப் பக்கமோ சாப்பாட்டு மேசையிலோ கிடக்கட்டும்.

மகள் கடையில் ஸ்டிக்கர் புத்தகத்தை மட்டுமே எடுக்கிறாள். வாங்கலாமா?
- வாசகர், கரூர்

வாங்கலாம், ஆனால் பொம்மைக் கணக்கில். புத்தகப் பணம் தனி என்று கடைக்குள் நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளே போய்ச் சொன்னால் அழுகைதான். காமிக்ஸுக்கு இந்தத் தடை வேண்டாம், அது வாசிப்புதான்.

எங்கள் ஊரில் கைடு விற்கும் கடைதான் இருக்கிறது. என்ன செய்ய?
- வாசகி, கமுதி

மாவட்டப் புத்தகத் திருவிழாவை விடாதீர்கள். வார நாள் காலையில் பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வருவார்கள், அரங்குக்குள் நிற்க இடம் இருக்காது. மாலையில் போங்கள்.

மற்ற மாதங்களுக்கு, பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். போனிலேயே நான்கைந்தைக் காட்டி, பிள்ளை தேர்ந்ததை மட்டும் அச்செடுங்கள். கலர்ப் படங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சேறு பூசினாற்போல் வரும். ஜெராக்ஸ் செலவு கட்டுப்படியாகாது என்றால் கோட்டுச் சித்திரம் உள்ள கதையாகத் தேடி எடுத்து, அட்டையை மட்டும் கலரில் போடச் சொல்லுங்கள். ஓரத்தில் இரண்டு ஸ்டேப்ளர் பின், அதன்மேல் ஒரு செல்லோடேப். இல்லாவிட்டால் பின் முனை விரலைக் கீறும்.